பெருங்கட்டுமானத் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலமோ அணையோ சுரங்கப்பாதையோ இடிந்து விழுந்தபின் வெளியாகும் விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். கணக்குப் போடத் தெரியாததால் விழுந்த பெருங்கட்டுமானங்கள் குறைவு. எந்த அனுமானங்களை நம்பிக் கணக்குப் போடப்பட்டதோ, அவற்றுள் ஒன்று பிறகு மாறிவிட்டது. மாறியது சிலருக்குத் தெரிந்தும் இருந்தது. ஆனாலும் எவரும் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. பல அறிக்கைகளின் சாரம் இதுதான். பாலத்தின் நீளம் மாறியிருக்கும், கம்பியின் அமைப்பு மாறியிருக்கும், எதிர்பார்த்த மண் கிடைத்திருக்காது, கான்கிரீட் எதிர்பார்த்த நேரத்தில் இறுகியிருக்காது. அத்தகைய தவறுகள் எங்கே நுழைகின்றன, அவற்றை எப்படித் தடுப்பது என்பதைப் பெரிய திட்டங்களில் பணியாற்றப்போகும் இளம் பொறியாளர்களையும், அத்திட்டங்களுக்குப் பொறுப்பேற்கும் நிர்வாகிகளையும் மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

சிறிய மாற்றம்தானே என்று கடந்துபோவது

கனடாவில் கியூபெக் நகருக்கு அருகே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இரும்புப் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை, அன்றைய வேலை முடியும் தறுவாயில் சரிந்தது. 75 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்பாலத்தின் இரு பெருந்தூண்களுக்கு இடைப்பட்ட நடுக்கண்ணின் நீளம் முதலில் 1600 அடியாகத் திட்டமிடப்பட்டிருந்தது. ஆழமான நீரில் தூண் எழுப்பும் சிரமத்தைக் குறைப்பதற்காக அதைப் பின்னர் 1800 அடியாக நீட்டினார்கள். நீளம் கூடினால் இரும்பின் எடை கூடும், எடை கூடினால் ஒவ்வோர் உறுப்பிலும் தகைவு (குறுக்குவெட்டின் ஒவ்வோர் அலகும் தாங்கும் விசை) கூடும் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் பழைய எடை மதிப்பீட்டை வைத்தே உறுப்புகள் வடிவமைக்கப்பட்டன. உண்மையான எடை தெரியவந்தபோது உறுப்புகளில் கணிசமான பகுதி உருவாக்கப்பட்டு, பொருத்தவும் பட்டிருந்தது. கூடுதல் தகைவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் முடிவு செய்தார், வேலை தொடர்ந்தது. மாற்றம் நடந்த நாளிலேயே மறுகணக்குப் போட்டிருந்தால் சில வாரத் தாமதத்தோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம், ஆண்டுகள் கழிந்தபின் கண்டறியப்பட்டதால், எவரும் நிறுத்தத் துணியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.

கியூபெக்கில் மாற்றம் பெரியது, கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்கே தெரியாத மாற்றம் இதைவிட ஆபத்தானது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி விடுதியின் உள்அரங்கில் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்த நிகழ்வை ஒவ்வொரு பொறியியல் மாணவரும் ஒருமுறையாவது தாளில் வரைந்து பார்க்க வேண்டும். அந்த அரங்கில் நான்காம் தளத்து நடைபாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் தளத்து நடைபாலமும் கூரையிலிருந்து தொங்கின. முதல் வரைபடத்தின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட எஃகுக் கம்பி இரண்டு பாலங்களின் குறுக்குச் சட்டங்களையும் ஊடுருவிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு சட்டமும் அக்கம்பியில் முடுக்கப்பட்ட தனித்தனி நட்டின் மேல் அமர வேண்டும். அப்போது கீழ்ப்பாலத்தின் எடை கம்பி வழியே நேராகக் கூரைக்குச் சென்றுவிடும், மேல்பாலத்தின் நட்டு மேல்பாலத்தை மட்டும் தாங்கினால் போதும். அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி, நட்டை நடுவரை திருகி ஏற்றுவது சிரமம் என்பதால் கம்பியை இரண்டாக்கினார்கள். ஒரு கம்பி கூரையிலிருந்து மேல்பாலம் வரை வந்தது, மற்றொன்று மேல்பாலத்தின் சட்டத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இறங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. ஆனால் இப்போது கீழ்ப்பாலம் மேல்பாலத்தில் தொங்கியது, மேல்பாலத்தின் நட்டு இரண்டு பாலங்களின் எடையையும் ஏந்தியது. முதல் வடிவமைப்பே நகரின் கட்டட விதி கோரிய வலிமையில் சுமார் 60 விழுக்காட்டைத்தான் கொண்டிருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது. ஏற்கெனவே குறைந்த வலிமையோடிருந்த இணைப்பின் மேல் சுமை இருமடங்கானது.

இத்தகைய மாற்றங்களைச் செய்பவர்கள் பெரும்பாலும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். உருவாக்கும் பட்டறைக்கு ஒரு சிரமம், அதற்கு ஒரு மாற்றுவழி, தொலைபேசியில் ஒரு சம்மதம், வரைபடத்தில் ஒரு முத்திரை என்று எல்லாம் இயல்பாகவே நடந்துவிடுகின்றன. இதற்கு நான் அறிந்த ஒரே தடுப்பு, எவ்வளவு சிறிய மாற்றமானாலும் அதைக் கோருபவரும் ஏற்பவரும் "இந்த உறுப்பின் சுமை இப்போது எந்த வழியாகத் தரையை அடைகிறது?" என்ற கேள்விக்கு ஒரு கோட்டோவியத்தோடு எழுத்தில் விடை தர வேண்டும் என்ற கட்டாயம்தான். ஹயாட் நடைபாலத்துக்கு அந்தக் கோட்டோவியத்தை வரைய ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நியூயார்க்கின் சிட்டிகார்ப் கோபுரத்திலும் இதே வகை மாற்றம் நிகழ்ந்தது. 59 மாடிகளைக் கொண்ட அக்கட்டடத்தின் மூலைவிட்டச் சட்டங்களை வெல்டிங் செய்து இணைப்பதாக இருந்ததை, செலவு கருதி போல்ட் இணைப்பாக மாற்றினார்கள். முகப்பில் நேராக மோதும் காற்றுக்கு அது போதுமானதாகவே இருந்தது. மூலையை நோக்கிச் சாய்வாக வரும் காற்றுக்கு அந்த இணைப்புகள் போதாது என்பது, 1977-இல் கட்டடம் திறக்கப்பட்டபின், 1978-இல் வடிவமைப்பாளர் வில்லியம் லெமெஷூரியருக்குத் தெரியவந்தது. அவர் அதை மூடி மறைக்காமல் உரிமையாளரிடம் கொண்டுசென்றதால், இரவு நேரங்களில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து இணைப்புகளை வலுப்படுத்த முடிந்தது. பல ஆண்டுகள் வரை பொதுமக்களிடம் அது சொல்லப்படவில்லை என்ற குறை இருந்தாலும், தன் கணக்கைத் தானே திரும்பத் திறந்து பார்த்த அந்தச் செயலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வடிவமைப்பு முடியுமுன் கட்டத் தொடங்குவதும் இந்தத் தவறின் இன்னொரு முகமே. சிட்னி ஆப்பெரா ஹவுஸின் மேடைப்பகுதி வேலை 1959-இல் தொடங்கியபோது, அதன் மேல் நிற்கப்போகும் கூரைச் சிப்பிகளின் வடிவமே முடிவாகவில்லை. எல்லாச் சிப்பிகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற தீர்வு பிற்பாடு கிடைத்தது. ஒரே வளைவு என்பதால் கான்கிரீட் துண்டுகளை ஒரே வகை அச்சுகளில் வார்க்க முடிந்தது. கட்டுமான வரலாற்றின் மிக அழகான தீர்வுகளில் அது ஒன்று. ஆனால் முன்பே எழுப்பப்பட்ட தாங்குதூண்கள் அந்தக் கூரையின் எடைக்குப் போதாமல் போய், அவற்றை மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. 70 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் என மதிப்பிடப்பட்ட பணி 10 கோடியே 20 இலட்சம் டாலரில் முடிந்தது, 1963-இல் முடிக்க எண்ணியது 1973-இல்தான் திறக்கப்பட்டது. தீர்வு பிறக்கும்வரை கட்டுமானத்தைத் தொடங்காமல் காத்திருக்கும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும்.

தரைக்கடியில் இருப்பதை அரைகுறையாக அறிந்து தொடங்குவது

எஃகின் தரத்தை ஆலையில் சோதித்துவிடலாம், கான்கிரீட்டின் கலவையை நாமே தீர்மானிக்கலாம். மண்ணும் பாறையும் மட்டும் நம் கையில் இல்லை. ஒரு பெரிய தளத்தில் எத்தனை துளைகள் இட்டு மாதிரி எடுத்தாலும், நாம் காண்பது மொத்த மண்ணில் மிக நுண்ணிய ஒரு பங்குதான். அதனால் மண் ஆய்வுக்கான செலவைக் குறைப்பது, பெரிய திட்டங்களில் செய்யப்படும் சிக்கனங்களிலேயே மிக விலையுயர்ந்த சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 93 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட டீட்டன் மண்ணணை, முதன்முறை நீர் நிரப்பும்போதே 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. 11 பேர் இறந்தனர். அணையை ஒட்டியிருந்த பாறை வெடிப்புகள் நிறைந்தது. அந்தப் பாறையில் வெட்டிய அகழியில் நிரப்பப்பட்ட அணையின் மையக்கருவோ, நீரில் எளிதில் கரைந்து ஓடும் மென்வண்டலால் ஆனது. வெடிப்பின் வழியே நுழைந்த நீர் வண்டலைத் துகள் துகளாக அரித்து உள்ளுக்குள்ளேயே ஒரு குழாய் போன்ற வழியை உண்டாக்கியது. காலையில் சிறு கசிவாகத் தெரிந்ததை மூட இறங்கிய இரண்டு புல்டோசர்களும் அரிப்புக் குழிக்குள் விழுந்தன, நண்பகலுக்குள் அணை உடைந்தது. இதில் இன்னொரு தவறும் கலந்திருந்தது. நீரை வெளியேற்றும் முதன்மை மதகு வேலை முடியாமலேயே நீர்நிரப்பல் தொடங்கிவிட்டதால், பனி உருகி வெள்ளம் வந்தபோது நீர்மட்டம் உயரும் வேகத்தைக் கட்டுப்படுத்த வழியில்லாமல் போயிற்று. முதல் நீர்நிரப்பல் என்பது அணையின் மீது நடத்தப்படும் முதல் உண்மையான சோதனை. அதை மெதுவாக, எந்த நேரத்திலும் நிறுத்தக்கூடிய நிலையில் மட்டுமே நடத்த வேண்டும்.

பிரான்சின் மல்பாசே அணையில் 1959 டிசம்பர் 2 அன்று நடந்ததும் தரைக்கடியின் கதைதான். அது மெல்லிய வளைவணை. வளைவின் கான்கிரீட்டில் குறையில்லை. இடதுகரையில் அணை சாய்ந்து நின்ற பாறைக்குள் நீரழுத்தம் ஏறி, ஒரு பாறைப்பிளவின் வழியே அந்தப் பாறைத் தொகுதியே நகர்ந்துவிட்டது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரியும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடிமட்டச் சுரங்கத்தைத் திட்டமிட்டபோது, பியோரா என்ற பகுதி எல்லோருக்கும் கவலையளித்தது. அங்கே டோலமைட் பாறை சர்க்கரைபோல் உதிர்ந்து, உயர்ந்த நீரழுத்தத்தோடு இருப்பது தெரியும். அது சுரங்கத்தின் மட்டம்வரை இறங்கியிருக்கிறதா என்பது தெரியாது. அதை ஊகித்துவிட்டுச் செல்லாமல், முதன்மைச் சுரங்கம் தொடங்குவதற்கு முன்பே 1990-களில் தனியாக ஓர் ஆய்வுச் சுரங்கம் தோண்டி, அதிலிருந்து துளையிட்டுப் பார்த்தார்கள். சுரங்க மட்டத்தில் பாறை உலர்ந்து உறுதியாக இருப்பது தெரிந்தது. அதன்பின்தான் பாதை உறுதியானது. ஆய்வுக்கே சில கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியதை வீண்செலவு என்று சொல்பவர்கள், மாபெரும் துளையிடும் இயந்திரத்தை உதிர்பாறைக்குள் சிக்கவிட்டுப் பிறகு மீட்பதன் செலவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டி முடித்த நிலையை மட்டும் கணக்கிடுவது

முழுமையடைந்த பாலம் வலிமையானது. பாதி கட்டிய பாலம் வேறொரு கட்டமைப்பு. அதன் தாங்கிகள் வேறு, சுமை செல்லும் வழி வேறு, பலவீனமான இடமும் வேறு. இதைப் பலர் வாயளவில் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் கணக்கேட்டைத் திறந்தால் இறுதி நிலைக்கு நூறு பக்கமும் இடைநிலைகளுக்கு இரண்டு பக்கமும் இருக்கும்.

மெல்போர்னின் வெஸ்ட் கேட் பாலம் 1970 அக்டோபர் 15 அன்று கட்டுமானத்தின்போது விழுந்ததில் 35 பேர் இறந்தனர். எஃகுப் பெட்டி வடிவிலான அதன் ஒரு கண்ணை நீளவாக்கில் இரு பாதிகளாகத் தரையில் செய்து, தனித்தனியே மேலே ஏற்றி, அங்கே இணைக்க முடிவெடுத்தார்கள். மேலே ஏற்றியபின் பார்த்தால் இரு பாதிகளின் மட்டமும் பொருந்தவில்லை. ஏறத்தாழ 114 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. கழற்றி இறக்கிச் சரிசெய்வதற்குப் பதிலாக, உயர்ந்து நின்ற பாதியின் மேல் ஒவ்வொன்றும் 8 டன் எடையுள்ள பத்துக் கான்கிரீட் கட்டிகளை வைத்து அழுத்தினார்கள். அழுத்தத்தில் மேல்தகடு மடிந்து புடைத்தது. அந்தப் புடைப்பை நேராக்குவதற்காக இணைப்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்கள். அழுத்தத்தை ஏந்திக்கொண்டிருந்த இணைப்பையே தளர்த்தியதால், மீதியிருந்த எஃகு அதைத் தாங்க முடியாமல் முழுக் கண்ணும் கீழே வந்தது. கீழே பணியாளர்களின் குடில்கள் இருந்தன. அளவு பொருந்தாமை என்ற முதல் தவறு எவரையும் கொன்றிருக்காது. அதைச் சரிசெய்ய எடுத்த ஒவ்வோர் அடியும் கணக்கில்லாமல் எடுக்கப்பட்டதே உயிர்களைக் கொண்டுபோனது. தளத்தில் எழும் பொருத்தக் குறையை உடனடியாகச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒரு நல்ல தொழிலாளிக்கு இயல்பானது. அந்த அவசரத்துக்கும் வேலைக்கும் நடுவில் வடிவமைப்பாளரின் கையெழுத்து ஒன்று இருக்கவேண்டும்.

கான்கிரீட்டின் வயதும் இத்தகையதே. மேற்கு வெர்ஜீனியாவின் வில்லோ ஐலண்ட் மின்நிலையத்தில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றைக் கட்டும்போது, சாரமும் அச்சும் முந்தைய நாள் வார்த்த கான்கிரீட்டில் போல்ட் கொண்டு பிடிக்கப்பட்டிருந்தன. 1978 ஏப்ரல் 27 அன்று, குளிரில் போதுமான வலிமை ஏறாத அந்தக் கான்கிரீட் சாரத்தின் சுமையைத் தாங்காமல் பிய்ந்தது. சாரத்தோடு விழுந்த 51 தொழிலாளர்களும் இறந்தனர். வெப்பநிலை குறைந்தால் கான்கிரீட் இறுகும் வேகம் குறையும் என்பது அனைவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அட்டவணை நாட்களை எண்ணியது, வலிமையை எண்ணவில்லை. தளத்திலேயே, அதே குளிரில் வைத்துப் பதப்படுத்திய சோதனைக் கட்டிகளை உடைத்துப் பார்த்து, தேவையான வலிமை வந்தபின்தான் அடுத்த அடுக்கு என்ற விதியைக் கடைப்பிடித்தால் இந்த வகை விபத்தே நிகழாது.

பருமனான கான்கிரீட்டில் இதற்கு எதிரான சிக்கல் உண்டு: அது வெளியிடும் வெப்பம் உள்ளேயே தங்கி விரிசலை உண்டாக்கும். 1930-களில் ஹூவர் அணையைக் கட்டியவர்கள், அதைத் தனித்தனிப் பாளங்களாக வார்த்து, 900 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மெல்லிய குழாய்களைக் கான்கிரீட்டுக்குள் பதித்துக் குளிர்நீரைச் செலுத்தினார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அணை தானாகக் குளிர நூறாண்டுக்கும் மேல் ஆகியிருக்கும் என்று கணக்கிடப்பட்டிருந்தது.

அளவீடு சொல்லும் எச்சரிக்கையை விளக்கிச் சமாளிப்பது

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு இது. ஏனென்றால் இங்கே அறிவு இருக்கிறது, கருவி இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

சிங்கப்பூரில் நிக்கோல் நெடுஞ்சாலைக்கு அருகே மெட்ரோ ரயில் பாதைக்காக மென்மையான கடற்களிமண்ணில் ஆழமான பள்ளம் தோண்டப்பட்டது. இருபுறமும் தடுப்புச்சுவர், அவற்றுக்கிடையே அடுக்கடுக்காக எஃகு முட்டுகள். களிமண்ணின் வலிமையை மிகைப்படுத்திக் காட்டும் ஒரு கணினிக் கணக்கீட்டு முறை பயன்படுத்தப்பட்டதால், சுவரின் மேல் வரும் அழுத்தமும் அதன் நகர்வும் குறைவாகக் கணிக்கப்பட்டன. முட்டும் தாங்குசட்டமும் சேரும் இணைப்பும் போதிய வலிமையின்றி வடிவமைக்கப்பட்டிருந்தது. சில இணைப்புகளில் விறைப்புத் தகடுகளுக்குப் பதில் பொருத்தப்பட்ட சேனல் துண்டுகள், வளைய ஆரம்பித்தால் திடீரென வலிமை இழக்கும் தன்மை கொண்டவை. இவ்வளவு குறைகள் இருந்தும், ஒரு வாய்ப்பு மிஞ்சியிருந்தது. பதிக்கப்பட்டிருந்த கருவிகள் சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நகர்வதைக் காட்டிக்கொண்டிருந்தன. அந்த அளவீட்டைக் கொண்டு வடிவமைப்பைச் சந்தேகிப்பதற்குப் பதிலாக, அளவீட்டுக்குப் பொருந்தும்படி கணக்கின் உள்ளீடுகளைத் திருத்தி, எச்சரிக்கை வரம்பை உயர்த்தி, தோண்டுவதைத் தொடர்ந்தார்கள். 2004 ஏப்ரல் 20 அன்று முட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்து பள்ளம் உள்வாங்கியது. நால்வர் இறந்தனர்.

எச்சரிக்கை வரம்பு என்பது தோண்டத் தொடங்குமுன் அமைதியான மனத்தோடு தீர்மானிக்கப்பட்டது. வரம்பு மீறப்பட்டபின், கால நெருக்கடியில், அதை மீறிய அதே குழுவே அதை மாற்றியமைக்க அனுமதிப்பது அந்த வரம்பையே பொருளற்றதாக்கிவிடும். வரம்பை உயர்த்த வேண்டுமானால், திட்டத்தின் அட்டவணையோடு தொடர்பில்லாத ஒருவர் கணக்கை முதலிலிருந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

எச்சரிக்கை கிடைத்தபின் யாருக்கு நிறுத்தும் அதிகாரம் உண்டு என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கியூபெக்கில் கீழ்ப்பட்டை உறுப்பு ஒன்றின் வளைவு முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டே கால் அங்குலமாகக் கூடியதைத் தளத்திலிருந்தவர்கள் அளந்திருந்தார்கள். நிறுத்தலாமா என்று கேட்க ஒருவர், ஆலோசகப் பொறியாளர் கூப்பர் இருந்த நியூயார்க்குக்கு ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. மேலும் சுமை ஏற்ற வேண்டாம் என்ற கூப்பரின் தந்தி, உருவாக்கும் நிறுவனம் இருந்த ஊருக்குப் போனதே தவிரப் பாலத்துக்கு வரவில்லை. அன்று மாலைதான் பாலம் விழுந்தது. நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, கைப்பேசியும் மின்னஞ்சலும் வந்தபின், மயாமியில் ஒரு பல்கலைக்கழக நடைபாலத்தில் விரிசல்கள் தோன்றின. வழக்கமாக ஏற்கப்படும் அளவைவிட அவை ஏறத்தாழ 40 மடங்கு பெரியவை. 2018 மார்ச் 15 அன்று காலை கூடிய கூட்டத்தில் அவற்றால் பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்று முடிவானது. கீழே சாலையை மூடாமலேயே, விரிசல் கண்ட உறுப்பின் கம்பிகளை மீண்டும் இழுத்துக் கட்டும் வேலை தொடங்கியது. அன்று பிற்பகலே பாலம் வாகனங்களின் மேல் விழுந்து ஆறு பேர் இறந்தனர். வடிவமைப்பிலேயே கணக்குப் பிழை இருந்தது என்றும், அதைச் சரிபார்க்க அமர்த்தப்பட்டவர்கள் கட்டுமான இடைநிலைகளைச் சரிபார்க்கவில்லை என்றும் விசாரணை கூறியது. ஆயினும் சாலையை மூடியிருந்தால், வாகனங்களில் இருந்த ஐவரும் பிழைத்திருப்பார்கள். காரணம் புரியாத விரிசல் எதுவாயினும், காரணம் புரியும்வரை அதன் கீழ் எவரும் இருக்கக் கூடாது. விளக்கம் தேடுவதை அதன் பிறகு தொடங்கலாம்.

புதுமையைப் பழைய அனுபவத்தால் அளப்பது

அமெரிக்காவின் டாக்கோமா நேரோஸ் தொங்குபாலம் 1940 ஜூலையில் திறக்கப்பட்டு நவம்பர் 7 அன்று மணிக்கு 68 கிலோமீட்டர் வேகக் காற்றில் முறுக்கி உடைந்தது. 853 மீட்டர் நடுக்கண்ணுக்கு வெறும் 12 மீட்டர் அகலமும், இரண்டரை மீட்டர் உயரத்துக்கும் குறைவான தட்டையான பக்கச் சட்டங்களும் போதும் என்று, அக்கால முன்னணிக் கோட்பாட்டின்படியே தீர்மானிக்கப்பட்டது. காற்றின் நிலையான அழுத்தத்துக்குப் பாலம் ஈடுகொடுக்கக்கூடியதுதான். காற்றும் பாலத்தின் முறுக்கமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் என்பது அந்தக் கோட்பாட்டில் இடம்பெறவில்லை. பாலங்கள் மெலிந்துகொண்டே வந்தபோது, முன்பு பொருட்படுத்தத் தேவையில்லாதிருந்த ஒரு விளைவு முதன்மை விளைவாகிவிட்டது. லண்டன் மில்லினியம் நடைபாலத்திலும் இதுவே நடந்தது. 2000 ஜூன் 10 அன்று திறந்தபோது, நடப்பவர்களின் பக்கவாட்டு அசைவுக்கு ஏற்பப் பாலம் ஆட, அந்த ஆட்டத்துக்கு ஏற்ப மக்கள் தம் நடையை மாற்ற, ஆட்டம் மேலும் வளர்ந்தது. இரண்டே நாளில் மூடப்பட்டு, அதிர்வுத் தணிப்பான்கள் பொருத்தப்பட்டு, 2002-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

இவற்றைக் காட்டிப் புதுமையே வேண்டாம் என்று சொல்வது பெரிய அநீதி. புதுமையின்றிக் கடக்க முடியாத இடங்கள் உண்டு. கிரேக்கத்தின் ரியோ ஆன்டிரியோ பாலத்துக்கு 65 மீட்டர் ஆழ நீர், அதற்கடியில் எட்டக்கூடிய ஆழத்தில் பாறையே இல்லாத தளர்ந்த படிவு, கடும் நிலநடுக்கம், நிலத்தட்டுகளின் நகர்வு என்று எல்லாமே எதிராக இருந்தன. மூன்று கோபுரங்களின் அடியில் எஃகுக் குழாய்களைச் செலுத்தி மண்ணை வலுப்படுத்தி, அதன்மேல் சரளைப் படுகை பரப்பி, 90 மீட்டர் விட்டமுள்ள அடித்தளத்தை அதன்மேல் பிணைப்பேதுமின்றி வைத்தார்கள். பெரும் நிலநடுக்கம் வந்தால் அடித்தளம் உடையாமல் சரளையின் மேல் சற்றே வழுக்கிக்கொள்ளும். பாலம் 2004-இல் திறக்கப்பட்டது. இந்தத் துணிவான யோசனை நேரடியாகக் கடலுக்குப் போகவில்லை. அளவு குறைத்த மாதிரிகளை மையவிலக்குச் சுழற்சியில் வைத்து, எப்படித் தோற்கும் என்பதுவரை சோதித்த பிறகே போனது. துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 600 மீட்டருக்கு மேல் கான்கிரீட்டை ஏற்றுவதற்குமுன், வளைவுகள் கொண்ட நீண்ட குழாயைத் தரையில் விரித்து, அவ்வளவு உயரத்துக்கான அழுத்த இழப்பை முன்கூட்டியே சோதித்ததும் இதே ஒழுக்கம்தான். புதிய முறையை முன்வைப்பவரிடம் கேட்க வேண்டியது, முன்பு எங்கே வெற்றி பெற்றது என்பதல்ல. எந்த அளவைத் தாண்டினால் தோற்கும், அதைத் தோற்கவைத்துப் பார்த்தாயிற்றா என்பதே.

இரு தரப்புகள் சந்திக்கும் எல்லையும் ஒப்படைத்த பிறகும்

பொறுப்பு கைமாறும் இடங்களில் பிழை சேர்வது பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஓர் எடுத்துக்காட்டே போதும். ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் லாஃபன்பர்க் பாலத்தில் இரு நாடுகளும் வெவ்வேறு கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தன. வேறுபாடு 27 சென்டிமீட்டர். அது முன்பே தெரிந்ததுதான், திருத்தமும் செய்யப்பட்டது, ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003-இல் இரு கரைகளின் மட்டத்துக்கும் இடையே 54 சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது கண்டறியப்பட்டது. திருத்தத்தைக் காகிதத்தில் மட்டும் ஒப்புக்கொள்ளாமல், இரு தரப்பு நில அளவையாளர்களும் ஒரே குறியின் மேல் கருவியை வைத்து ஒன்றாக அளந்து பார்த்துவிட்டால் இது அன்றே தெரிந்திருக்கும். பெர்லினின் புதிய விமான நிலையத் திறப்பு 2012-இலிருந்து 2020 வரை தள்ளிப்போனதற்கும், கட்டும்போதே தொடர்ந்து மாற்றப்பட்ட திட்டமும், கட்டடத்தோடு ஒத்திசையாத தீப்பாதுகாப்பு அமைப்பும் பெருங்காரணங்களாயின.

ஒப்படைத்த பிறகு அனுமானங்கள் மறக்கப்படுவது கடைசித் தவறு. பாஸ்டன் நகரச் சுரங்கச்சாலை ஒன்றில் கனத்த கான்கிரீட் மேற்கூரைப் பலகைகள், கூரையில் துளையிட்டு எப்பாக்சி பசையால் ஒட்டிய நங்கூரக் கம்பிகளில் தொங்கின. அந்தப் பசை குறுகிய நேரச் சுமையை நன்றாகத் தாங்கும், ஆனால் இடைவிடாத இழுவையில் மெல்ல மெல்ல நீளும். 1999-இல், கட்டுமானத்தின்போதே, சில கம்பிகள் இறங்கியிருப்பது தெரிந்தது. அவற்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2006 ஜூலை 10 அன்று பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து அதிலிருந்த பெண் இறந்தார். கட்டுமானம் ஒப்படைக்கப்படும்போது வரைபடங்களோடு கூடவே, வடிவமைப்பாளர் எவற்றையெல்லாம் நம்பியிருந்தார் என்ற பட்டியலும் பராமரிப்பாளர் கைக்குப் போக வேண்டும். எந்த இணைப்பு நிரந்தர இழுவையில் இருக்கிறது, அதைக் கைக்கெட்டும் தூரத்தில் சென்று பார்க்க எந்த வழி அமைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அளக்க வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் நகர்வு தெரிந்தால் பாதையை மூட வேண்டும், மூடும் அதிகாரம் எந்தப் பதவியில் இருப்பவருக்கு உண்டு என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டுமானத்தின்போது எங்கேனும் ஓர் உறுப்பு எதிர்பாராமல் நகர்ந்திருந்தால், அது சரிசெய்யப்பட்டிருந்தாலும், அந்தப் பதிவும் அதே கோப்பில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.